காலியாக விட்ட கட்டம்

சீசன் தொடங்கினால் அப்பா குற்றாலத்துக்கு எண்ணெய் தேய்க்கப் போவார். மற்ற மாதங்களில் இலஞ்சிப் பக்கம் வயல் வேலை, அது இல்லாவிட்டால் சித்தாள் வேலை. அருவிக்குக் குளிக்க வருகிறவர்களை உட்காரவைத்து, உச்சந்தலையில் எண்ணெயை ஊற்றித் தட்டிக்கொண்டே பேச்சுக் கொடுப்பார். பேச்சு தண்ணீர் வரத்தில் தொடங்கினாலும் ரம்புட்டான் பழத்தின் விலையில் தொடங்கினாலும் கடைசியில் என்னிடம்தான் வந்து நிற்கும். "எம் மவன் கம்ப்யூட்டர்ல டிகிரி முடிச்சிருக்கான் சார்." எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். டிகிரி முடித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் வேலை இல்லை என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

போன சீசனில் ஒருநாள் வழக்கத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்தார். சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை. வாசலிலிருந்தே கூப்பிட்டார்.

"ஏலே, பைத்தான் தெரியுமால ஒனக்கு? பைத்தான்!"

"தெரியும்ப்பா. ஏன்?"

"மறந்திரக் கூடாதுன்னு வார வழி பூரா சொல்லிக்கிட்டே வாரேன். எதுக்க வந்தவன்லாம் கிறுக்கன்னு பாக்கான்."

சென்னையிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் அன்று காலையில் அப்பாவிடம் எண்ணெய் தேய்த்துக்கொண்டாராம். ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய ஆள். அப்பா என்னைப் பற்றிச் சொன்னதும், "பைத்தான் தெரியுமான்னு கேளுங்க. தெரிஞ்சா நாளைக்குச் சாயங்காலம் லேப்டாப்போட ரூமுக்கு வரச் சொல்லுங்க. எங்க கம்பெனியில வேலை பழகுறதுக்கு ஆள் எடுக்குறோம், பாக்கலாம்" என்றிருக்கிறார். ஐந்தருவி ரோட்டில் ஒரு லாட்ஜில் தங்கியிருந்தார். அம்மா உடனே அடுக்களைக்குள் போய்விட்டாள். சாமி படத்துக்கு முன்னால் தீப்பெட்டி உரசும் சத்தம் கேட்டது.

தெரியும் என்று சொன்னது பொய்யில்லை. புரோகிராம் எழுதும் அந்த மொழியைப் பாடமாகப் படித்திருந்தேன், பரீட்சையில் தாளில் பக்கம் பக்கமாக எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். ஆனால் என் சொந்தக் கம்ப்யூட்டரில் அதை நான் ஒருநாளும் ஏற்றியதில்லை. கல்லூரி லேபில் நாங்கள் போய் உட்காரும்போது எல்லாம் தயாராக இருக்கும். இலை போட்டுப் பரிமாறிய பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர்கள் நாங்கள். அடுப்பு எப்படிப் பற்றவைப்பது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னிடம் இருந்தது பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் தந்த லேப்டாப். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. வயரைச் சொருகினால்தான் உயிர். மறுநாள் காலை சாரல் தூறிக்கொண்டிருந்தது. செல்போனிலிருந்து நெட்டை இழுத்து, பைத்தானை இறக்கினேன். இறங்கி முடிவதற்குள் அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்து, "வந்துட்டா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

இறக்கியதைத் திறந்ததும் ஒரு பெட்டி வந்தது. நடுவில் 'இன்ஸ்டால்' என்று பெரிதாக இருந்தது. அடியில் சின்னச் சின்னதாக இரண்டு கட்டங்கள். ஒன்றில் ஏற்கெனவே டிக் இருந்தது. இன்னொன்று காலி. பக்கத்தில் ஆங்கிலத்தில் 'பைத்தானை பாத்தில் சேர்' என்று இருந்தது. எந்தப் பாதை, எதற்குச் சேர்க்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் ஒரு சட்டம் உண்டு. நான் பள்ளியில் படிக்கும்போது அப்பா போனில் தெரியாமல் எதையோ அமுக்கப்போய், காலர் டியூனாக ஒரு குத்துப்பாட்டு வந்து உட்கார்ந்துகொண்டது. காசு போனது ஒருபக்கம். சுரண்டையில் பெரியப்பா இறந்துபோன சேதியைச் சொல்ல யார் யாரோ அழைத்தபோது, ஒவ்வொருவரும் அந்தப் பாட்டைக் கேட்ட பிறகுதான் துட்டியைச் சொல்ல முடிந்தது. கருமாதியில் ஒரு சித்தப்பா அப்பாவைப் பார்த்து, "அண்ணன் செத்த சந்தோசத்துல பாட்டு வச்சிருக்கியாக்கும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதிலிருந்து, "தெரியாததுல கை வைக்காதலே. அவனா கேக்காதவரைக்கும் சும்மா விட்டுரு" என்று சொல்லிச் சொல்லியே என்னை வளர்த்தார். பாங்கு விண்ணப்பம், வேலை விண்ணப்பம், எதிலும் புரியாத கட்டம் வந்தால் நான் காலியாக விட்டுவிடுவேன்.

அதையும் விட்டுவிட்டு 'இன்ஸ்டால்' என்பதை அமுக்கினேன். வெற்றி என்று வந்தது. அதோடு கூடவே வந்த எழுதும் ஜன்னலைத் திறந்து ஒரு வரி அடித்தேன். பதில் வந்தது. ஐந்து பாட மார்க்கைக் கேட்டு, கூட்டி, சராசரி சொல்லும் ஒரு புரோகிராமை எழுதினேன். ஓடியது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "நல்லா வருதுலா" என்றாள், எதைப் பார்ப்பது என்று தெரியாமல்.

சாயங்காலம் அப்பா கைகாலை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெளுத்த சட்டை போட்டு என்னோடு வந்தார். லாட்ஜ் அறைக்குள் அவர் வரவில்லை. வாசல்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே அந்த சார் துண்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பிள்ளைகள் அருவிக்குப் போகவேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேஜையில் வைத்து வயரைச் சொருகி, எழுதும் ஜன்னலைத் திறக்கப் போனேன்.

"இதுல வேணாம் தம்பி. கமாண்ட் விண்டோவுல ஓட்டிக் காட்டுங்க."

கறுப்பு ஜன்னலைத் திறந்தேன். பைத்தான் என்று அடித்து என் ஃபைலின் பெயரையும் அடித்தேன். அப்படி ஒரு கட்டளையே எனக்குத் தெரியாது என்று கம்ப்யூட்டர் சொன்னது. எழுத்துப் பிழையோ என்று மறுபடி அடித்தேன். மறுபடி அதையே சொன்னது.

"இன்ஸ்டால் பண்ணீங்களா?"

"பண்ணினேன் சார்."

"நீங்களேவா? இல்ல, யாராவது பண்ணிக் கொடுத்தாங்களா?"

"நான்தான் சார்."

வாசலிலிருந்து அப்பா மெதுவாகச் சொன்னார். "நல்லா அமுக்குலே. காலையில வந்துச்சுன்னியே."

இன்னொரு தடவை அடித்தேன், அதே பதில்தான். பிள்ளைகளில் ஒருத்தி, "அப்பா, இருட்டிடும்ப்பா" என்றாள். அவர் எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை. "பரவால்ல தம்பி, பாத்து சரிபண்ணிட்டு வாங்க. நாளைக்கும் இங்கதான் இருப்போம்" என்றார். அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அப்பாவும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பிழையை அப்படியே நெட்டில் போட்டுத் தேடினேன். உலகம் முழுக்க என்னைப்போலப் பலபேர் அதே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். பதில் ஒன்றுதான்: அந்தக் காலிக் கட்டத்தில் டிக் அடித்திருக்க வேண்டும். அதை அடித்தால்தான் பைத்தான் எங்கே இருக்கிறது என்று கறுப்பு ஜன்னலுக்குத் தெரியும். எல்லாவற்றையும் அழித்து, மறுபடி ஏற்றி, டிக் அடித்தேன். ஓடியது.

மறுநாள் விடிவதற்குள் மலையில் பெருமழை. அருவிகளில் வெள்ளம், குளிக்கத் தடை. நாங்கள் நனைந்துகொண்டு லாட்ஜுக்குப் போனபோது அந்த அறைக்குள் ஒரு அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "தண்ணியில எறங்க விடலன்னதும் காலையிலயே காலிபண்ணிட்டுப் போய்ட்டாவ" என்றாள். அவருடைய நம்பர் எங்களிடம் இல்லை. கேட்பது மரியாதையாக இருக்குமோ இருக்காதோ என்று அப்பா கேட்காமல் விட்டிருந்தார்.

லேப்டாப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஒரு மூடிய கடையின் கீழே ஒதுங்கி நின்றோம்.

"அப்படி என்னலே கொளாறு அதுல?" என்று அப்பா கேட்டார்.

"ஒரு இடத்துல டிக் அடிக்காம விட்டுட்டேன்ப்பா."

"ஏன் விட்ட?"

காரணம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். அன்று கருமாதி வீட்டில் குனிந்த மாதிரி இன்னொரு தடவை குனிந்திருப்பார்.

"மறந்துட்டேன்ப்பா."

"மூணு வருசம் படிச்சும் மறந்துட்டியாக்கும்" என்றார். திட்டுகிற குரலில்லை. சட்டை நுனியால் முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"தண்ணி கொறஞ்சு குளிக்க விட்டாம்னா கூட்டம் அம்மும். ஒத்தக் கையால சமாளிக்க முடியல. நீயும் வாரியால?"

அதுவரை அவர் என்னை எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவிட்டதில்லை. சரிப்பா என்றேன். தடையை எடுத்த அன்று அவரோடு போனேன். முதலில் வந்து உட்கார்ந்தவரின் தலையில் என் கையை எடுத்து வைத்து, "அழுத்தாத, தட்டு" என்றார் அப்பா.