தேங்காய் உடைத்த முன்கண்ணாடி

எங்கள் வீட்டு ஆண்கள் இருவரும் பேசிக்கொள்ள நான் தேவைப்பட்டேன். ஒருவர் என் மாமனார். இன்னொருவர் அவர் பெற்ற ஒரே மகன், என் கணவர். ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே தட்டிலிருந்து முறுக்கு தின்றுகொண்டிருப்பார்கள். மாமனார் என்னைப் பார்த்து, "அம்மணி, கெணத்து மோட்டார்ல தண்ணி ஒழுகுதுன்னு உன்ற ஊட்டுக்காரன்கிட்டச் சொல்லிப்போடு" என்பார். கணவரும் என்னைப் பார்த்து, "ஆளு வரச் சொல்லியாச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லு" என்பார். இருவருக்கும் காது நன்றாகவே கேட்கும் என்பதை மறந்துவிட்டு, இரண்டையும் நான் திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கோபம் வரும். அதுவும் என்மேல்தான்.

தபால்காரி வேலையில் எனக்குச் சில சலுகைகள் உண்டு. "அந்த மடையன் இன்னும் எந்திரிக்கலையா?" என்று மாமனார் கேட்டால், "மாமா உங்களக் கேட்டாருங்க" என்று கொண்டுபோய்ச் சேர்ப்பேன். "கெழவருக்கு வேற வேலை இல்ல" என்று பதில் வந்தால், "வாராருங்க மாமா" என்று ஆகிவிடும். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக் குடோன் இருக்கிறது. பகலெல்லாம் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் பாதி பேச்சு காணாமல் போனதும் என் புண்ணியம்தான்.

இத்தனைக்கும் காரணம் போர்ட்டிகோவில் நிற்கும் சிவப்புக் கார். மாமனாரிடம் முன்பு ஒரு குண்டு வெள்ளைக் கார் இருந்தது. கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு, நூல் மூட்டை ஏற்ற, பக்கத்து வீட்டுப் பிரசவத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் ஓடிய கார். ஒரு தைப்பூசத்துக்கு அவர் பழனிக்கு நடந்து போனார். காலெல்லாம் கொப்புளத்தோடு திரும்பி வந்து பார்த்தால் வெள்ளைக் கார் இருந்த இடத்தில் இது நிற்கிறது. பழையதை விற்றுவிட்டு என் கணவர் வாங்கிய பந்தயக் கார். அந்தக் காலத்தில் கோயமுத்தூரிலேயே யாரோ ஒரு ரேஸ் பைத்தியம் ஃபைபரில் கட்டியது. இரண்டே சீட்டு. எடையே கிடையாது, நாலு பேர் சேர்ந்தால் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். உயரம் என் இடுப்புக்கு வராது.

மாமனார் கொப்புளக் காலோடு அதைச் சுற்றி வந்து பார்த்தார். "ஒத்தைச் செருப்பாட்டம் இருக்குது. என்ற பொணங்கூட இதுல ஏறாதுன்னு உன்ற ஊட்டுக்காரன்கிட்டச் சொல்லிப்போடு அம்மணி" என்றார். அன்றைக்குத் தொடங்கியது என் உத்தியோகம். என் கணவரும் லேசுப்பட்டவர் அல்ல. அந்தக் காருக்குள் அவர் ஏறுவதைப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு கால், அப்புறம் தலை, அப்புறம் வயிறு, அப்புறம் மிச்சம். ஏறி உட்கார்ந்துவிட்டால் முகத்தில் பத்து வயது குறைந்துவிடும். அந்த முகத்துக்காகவே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் என் உத்தியோகத்துக்கு ஓர் ஆபத்து வந்தது. புனேவில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம். மூத்தது இன்னும் இடுப்பை விட்டு இறங்காத வாண்டு. "அம்மா, தீபாவளி கழிஞ்சதும் வந்துரு, நாலஞ்சு மாசம் இரு" என்றாள். நானும் சரி என்றுவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். நான் போய்விட்டால் இந்த இரண்டு பேரும் என்ன செய்வார்கள்? சமையலுக்கு ஆள் போட்டுவிடலாம். பேச்சுக்கு எங்கே போய் ஆள் போடுவது? மாமனாருக்கு ராத்திரி நெஞ்சு வலித்தால் யாரிடம் சொல்வார்? புனேக்குப் போன் போட்டு, "அம்மணி, எனக்கு நெஞ்சு வலிக்குதுன்னு உன்ற ஊட்டுக்காரன்கிட்டச் சொல்லிப்போடு" என்பாரோ? நினைத்தால் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பயம்தான் ஜாஸ்தி.

அதனால் ஆயுத பூஜையன்று ஒரு சமாதானத் திட்டம் போட்டேன். எங்கள் வீட்டில் பூஜை முடிந்ததும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் மூத்தவர் கையால் ஒரு தேங்காய் உடைக்க வேண்டும். தறிக்கு, மோட்டாருக்கு, டெம்போவுக்கு, கிரைண்டருக்குக்கூட உண்டு. சிவப்புக் காரை மட்டும் மாமனார் வருஷா வருஷம் தாண்டிப் போய்விடுவார். "மாமா, நானும் ஊர்ல இருக்கமாட்டேன். இந்த வருஷம் அதுக்கும் ஒரு காய் ஒடச்சுப்போடுங்க" என்று நச்சரித்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் சாமி காரியத்தில் மறுக்கமாட்டார். அரை மனதோடு தொடங்கினாலும், கற்பூரம் காட்டிய பிறகு முழு மனதாகிவிட்டது. தேங்காயை மூன்று தரம் சுற்றினார். கையை ஓங்கினார். டெம்போவுக்கு முன்னால் எப்படி ஓங்கி உடைப்பாரோ அப்படியே உடைத்தார்.

டெம்போ உயரமான வண்டி. தெறிக்கிற சில்லு பம்பரில் பட்டு விழுந்துவிடும். இந்த ஒற்றைச் செருப்புக்கு முன்கண்ணாடியே முழங்கால் உயரத்தில்தான் இருக்கிறது. பாதித் தேங்காய் தரையில் பட்டு எகிறி நேராகக் கண்ணாடியில் போய் உட்கார்ந்தது. டப்பென்று ஒரு சத்தம். நடுவில் ஒரு பூ விழுந்தது. அந்தப் பூவிலிருந்து ஒரு கோடு, யாருக்கும் காத்திராமல், ஓரம் வரைக்கும் ஓடியது.

என் கணவர் கண்ணாடியைப் பார்த்தார். மாமனார் தன் கையைப் பார்த்தார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். யாராவது ஏதாவது சொல்லி அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். ஒரு தபாலும் வரவில்லை. கணவர் தறிக் குடோனுக்குள் போய்விட்டார். மாமனார் பொரி, கடலைகூட வாங்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் காபி கொண்டுபோனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ஏனம்மணி, நா வேணும்னே ஒடச்சேன்னு நெனச்சுக்குவானா?" என்றார். ஒரு காலத்தில் ஊரையே அதட்டிய குரல், இப்போது சிறுபிள்ளைக் குரலாகக் கம்மியிருந்தது. "நீங்களே கேளுங்க மாமா" என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் காபியைக் குடித்தார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கணவர் வந்தபோது, "அப்பா வேணும்னு ஒடைக்கலைன்னு எனக்குத் தெரியாதா? கை பழக்கம்" என்றார். "அப்பாடா! போய் அவருகிட்டச் சொல்லுங்க" என்றேன். "நீயே சொல்லிப்போடு" என்றார். அந்த ஒரு தபாலை மட்டும் நான் எடுத்துப்போகவில்லை. எத்தனையோ வருஷமாக எல்லாவற்றையும் சுமந்தவள், இதை அவர் வாயால் சொன்னால்தான் உண்டு என்று பிடிவாதமாக இருந்துவிட்டேன். இட்லியைக்கூடக் கொஞ்சம் வேகமாகத்தான் தட்டில் போட்டேன்.

கண்ணாடி கிடைப்பது பெரும்பாடாகிவிட்டது. காந்திபுரத்தில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினார் என் கணவர். "இப்பிடி ஒரு வண்டியே எங்க கம்ப்யூட்டர்ல இல்லீங்க" என்று சொன்னார்களாம். கடைசியில் சிங்காநல்லூரில் ஒரு பட்டறைக்காரர், உடைந்த கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்தால் அதையே அச்சாக வைத்து வளைத்துத் தருகிறேன் என்றார். ஒன்றுதான் செய்ய முடியும், உடைந்தால் மறுபடி எப்போது என்று சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டார். தீபாவளி முடிந்து, நான் கிளம்புகிற வாரத்தில்தான் கண்ணாடி தயாரானது. அதுவரைக்கும் கார் கண்ணாடியில்லாமல் போர்ட்டிகோவில் நின்றது. மாமனார் அந்தப் பக்கம் காபி குடிக்க வருவதையே விட்டுவிட்டார்.

மாட்டித் தரவும் பட்டறைக்காரர் மறுத்துவிட்டார். "ஃபைபர் பாடிங்க. எங்காச்சும் வெடிப்பு உட்டா எங்க தலைல வரும். நீங்களே பாத்து மாட்டிக்கோங்க" என்று வழியை மட்டும் சொல்லி அனுப்பினார். கண்ணாடியைச் சுற்றி ரப்பரை மாட்ட வேண்டும். ரப்பரின் உள்பள்ளத்தில் ஒரு மெல்லிய கயிற்றைச் சுற்றிலும் பதிக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தடவிக் கண்ணாடியை வெளியிலிருந்து வைத்ததும், ஒருவர் காருக்குள் உட்கார்ந்து கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க, இன்னொருவர் வெளியே நின்று அதே இடத்தில் உள்ளங்கையால் அமுக்க வேண்டும். இழுப்பதும் அமுக்குவதும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் ரப்பர் உள்ளே ஏறி உட்காரும்.

"நீ உள்ள உக்காரு" என்றார் என் கணவர் என்னிடம். "என்ற முட்டிக்கு ஆகாதுங்க. உள்ள போனா கிரேன் வெச்சுத்தான் எடுக்கோணும்" என்றேன். முட்டி வலி உண்மைதான். அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வலித்தது. கணவரே உள்ளே போகலாம் என்றால், அவருடைய வயிறும் ஸ்டியரிங்கும் சேர்ந்து கையை ஆட்டவே இடம் விடாது. என்ன செய்வது என்று நின்றோம். தூணோரம் நின்றிருந்த மாமனார் தொண்டையைச் செருமினார். "அம்மணி, நா வேண்ணா உள்ள உக்காந்துக்கறேன்னு சொல்லு" என்றார்.

நான் சொன்னேன். என் கணவர் காரின் கதவைத் திறந்து பிடித்தார். பிணம்கூட ஏறாது என்ற காருக்குள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, உயிரோடு ஏறி உட்கார்ந்தார் மாமனார். எனக்கு வந்த சிரிப்பைச் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் குனிந்து மறைத்துக்கொண்டேன்.

வேலை தொடங்கியது. உள்ளேயிருந்து, "அம்மணி, நா இழுக்கறேன், அமுத்தச் சொல்லு." நான், "அமுத்தச் சொல்றாருங்க." வெளியேயிருந்து, "எங்கன்னு கேளு." நான், "எங்கீங்க மாமா?" அதற்குள் கயிறு வந்துவிடும், ரப்பர் வழுக்கி வெளியே விழுந்துவிடும். மறுபடி கயிறு, மறுபடி சோப்பு. மறுபடி அதே கதை. "ஒழுங்காச் சொல்லமாட்டயா?" என்று வெளியிலிருந்து எனக்குத் திட்டு. "வெரசாச் சொல்லோணுமில்ல அம்மணி?" என்று உள்ளேயிருந்தும் எனக்குத்தான் திட்டு. எனக்கு வந்ததே கோபம்! வாளியை டங்கென்று கீழே வைத்தேன். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு கண்ணாடிதான் இருக்குது. அது வழியாப் பேசுனாக் கேக்கும். எனக்கு அடுப்புல வேலை கெடக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அடுப்பில் ஒரு வேலையும் இல்லை. சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உள்ளேயிருந்து ஒரு "ம்". வெளியேயிருந்து ஒரு "ம்". கீழ் ஓரம் முழுவதும் இந்த 'ம்'மிலேயே ஏறிவிட்டது. பக்கவாட்டும் ஏறியது. நான் கும்பிடாத சாமி இல்லை. மேல் மூலைக்கு வந்தபோது கயிறு சிக்கிக்கொண்டது. அது வெளியிலிருந்து தெரியவில்லை. என் கணவர் தன் முழு பாரத்தையும் போட்டு அமுக்கக் கையை வைத்தார்.

"கண்ணு! கைய எடு சாமி, கைய எடு! கண்ணாடி போயிரும்!"

சட்டென்று விலகியது அந்தக் கை. "எடுத்துட்டேனுங்கப்பா" என்றார் என் கணவர்.

இருவரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு மாமனார் சிக்கை எடுத்துவிட்டு, "இப்ப மெதுவா அமுத்து" என்றார். "இங்கீங்களா?" "அங்கில்லடா, ஓரத்துல." ரப்பர் முனகிக்கொண்டே ஏறி உட்கார்ந்தது. கயிற்றின் முனை மாமனார் கையில் வந்துவிட்டது. அதைச் சுற்றிச் சுருட்டிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அன்னிக்கி நா வேணும்னு ஒடைக்கல கண்ணு."

"எனக்குத் தெரியுங்கப்பா" என்றார் என் கணவர். கண்ணாடியில் வழிந்த சோப்பைத் துடைத்துக்கொண்டே, "உங்க காரை விக்கறதுக்கு முன்னாடி நானும் உங்களக் கேட்டிருக்கோணும்" என்றார்.

நான் அழுதேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்துக் காபி போட்டேன். காபியோடு வெளியே வந்தால் அடுத்த கூத்து. மாமனாருக்குக் கால் மரத்துப்போய் காரை விட்டு எழ முடியவில்லை. மகன் கையைப் பிடித்து இழுக்க, இவர், "மெதுவாடா, நா என்ன கண்ணாடியா?" என்று அதட்ட, ஒருவழியாக வெளியே வந்து சேர்ந்தார். என்னிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

நான் புனேக்குக் கிளம்பிய காலையில் வாடகைக் கார் வந்தது. சிவப்புக் காரில் எனக்கும் பெட்டிக்கும் இடம் ஏது? அவினாசி ரோட்டில் என் வண்டிக்குப் பின்னாலேயே தகப்பனும் மகனும் சிவப்புக் காரில் வந்தார்கள். மாமனார் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எந்த லாரியை முந்த வேண்டும், எதை முந்தக் கூடாது என்று கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு வந்தார். என் கணவர் ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை.

விமான நிலைய வாசலில், "அம்மணி, நீ பிள்ளையப் பாரு. இங்க நாங்க பாத்துக்கறோம்" என்றார் மாமனார். என் கணவருக்கு ஏதோ நினைவு வந்தது. "காலைல மாத்திரை போட்டாரான்னு அப்பாகிட்டக் கேளு" என்றார் என்னைப் பார்த்து. பழக்கதோஷம், நானும் கேட்க வாயைத் திறந்துவிட்டேன். அதற்குள் அவரே திரும்பி, "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல கண்ணு, மறந்துட்டேன்" என்றார் மாமனார். திறந்த வாயை மூடிக்கொண்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு நான் உள்ளே போனேன்.