இடது பின் சக்கரம்

டார்க் ஸ்பேனர் என்று ஒன்று உண்டு. நட்டு வேண்டிய அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று சொல்லும். சின்னச் சத்தம்தான். ஆனால் சக்கரம் மாட்டுகிறவனுக்கு அதைக் கேட்டால்தான் மனசு அடங்கும். அன்றைக்குப் பந்தயம் தொடங்க நான்கு நிமிடம் இருக்கையில், இடது பின் சக்கரத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டேனா இல்லையா என்பது எனக்கு நினைவில்லை. ஆறு வருடமாக யோசிக்கிறேன், இன்னும் வரவில்லை.

நான் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவன். முதலாளிக்கு ஒரே மகள். பட்டறையில் எல்லோருக்கும் அவள் அம்மிணி. மற்றப் பிள்ளைகள் ஸ்கூட்டி பழகிய வயதில் அவள் எங்கள் பட்டறைக்குள் லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு கோயம்புத்தூரில் கார்ப் பந்தயம் பழகி, நாட்டின் முதல் நிலைப் போட்டி வரைக்கும் போய்விட்டாள். சொந்தபந்தமெல்லாம் மாப்பிள்ளை எப்போது பார்ப்பீர்கள் என்று முதலாளியைத் துளைத்தது. அவர் காது கேட்காதவர் மாதிரி இருந்துகொள்வார். சக்கரத்துக்கு மட்டும் பழகிய கை வேண்டும் என்று அவள் சொன்னதால், பந்தயத்துக்குப் பந்தயம் நானும் கூடப் போனேன்.

பட்டறையில் முதலாளி போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. சக்கரம் மாட்ட உட்கார்ந்தவனை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டுவிட்டால் அவன் முதல் நட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒருமுறை அவருடைய மச்சினர், பாவம், என்னிடம் மணி என்ன என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான், அத்தனை பேர் முன்னாலும் மனுஷனை முதலாளி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பெண் கொடுத்த வீடு என்றுகூடப் பார்க்கவில்லை.

அந்த வருடத்தின் கடைசிப் பந்தயம் சென்னைக்குப் பக்கத்தில். அதுவரை சேர்த்த புள்ளிகளின்படி, அம்மிணி முதல் நான்கு பேருக்குள் வந்தால் போதும், வருடத்தின் பட்டம் அவளுக்கு. மகள் ஓட்டுவதைப் பார்க்கிற நெஞ்சு தனக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லியே ஒரு பந்தயத்துக்கும் வராத முதலாளி, அன்றைக்கு வந்துவிட்டார். கையில் ஆஞ்சநேயர் கோயில் செந்தூரப் பொட்டலம். காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை.

வண்டிகள் வரிசையில் நின்ற பிறகு தூறல் போட்டது. எல்லோரும் அவசரம் அவசரமாக மழை டயருக்கு மாற்றினோம். மூன்று சக்கரம் முடித்து இடது பின் சக்கரத்துக்கு வந்தேன். நான்கு நட்டையும் கையால் திருகி ஓட்டிவிட்டேன். டார்க் ஸ்பேனரைக் கையில் எடுத்தேன். அது வரைக்கும் நன்றாக நினைவிருக்கிறது. "தம்பி, இதைக் கொஞ்சம் வண்டி நெத்தியில வெச்சுடு" என்று தலைக்கு மேலே முதலாளியின் குரல். எழுந்து போய், செந்தூரத்தை விரலில் தொட்டுப் பானட்டில் வைத்தேன். அப்போதே விசில் ஊதிவிட்டார்கள். எல்லோரும் வெளியேற வேண்டும். யாரோ ஜாக்கியை இறக்கினார்கள். நானும் ஓடினேன்.

வண்டிகள் சீறிக்கொண்டு கிளம்பியதுமே எனக்குள் ஒரு கேள்வி. இறுக்கினேனா? எழுவதற்கு முன்னால் இறுக்கினேனா, இறுக்கப் போகும்போது எழுந்தேனா? முதல் சுற்று முடிந்து அவள் இரண்டாவதாக எங்களைக் கடந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, இடது பின் சக்கரத்தைத்தான் பார்த்தேன். நன்றாகத்தான் சுற்றியது. கழன்று போகிற சக்கரமும் அதற்கு முந்தைய நிமிடம் வரை நன்றாகத்தான் சுற்றும். இரண்டாவது சுற்றில் எனக்கு நானே சமாதானம் சொன்னேன்: இத்தனை வருடக் கை, தானாகவே இறுக்கியிருக்கும். சொல்லிவிட்டால் வண்டியை நிறுத்த வேண்டும், பட்டம் போச்சு. சொல்லாமல் சக்கரம் கழன்றால்? பக்கத்தில் முதலாளி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது சுற்றும் போய்விட்டது.

அதற்கு மேல் தாங்கவில்லை. அவர் தோளைத் தொட்டு, இடது பின் சக்கரம் இறுக்கினேனா என்று எனக்கு நினைவில்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் கூப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மனுஷன் முகம் வெளுத்துப்போயிற்று.

"நம்ம பட்டறையா இருந்தா இந்த வண்டிய வெளிய உட்டுருப்பியா?" என்று கேட்டார்.

"உடமாட்டேனுங்க."

"அப்பறம் என்ன நின்னுக்கிட்டு. கூப்புடு."

அந்த வண்டியில் ரேடியோ கிடையாது. ஓடுபாதைச் சுவரோரம் நின்று, வண்டியை உள்ளே கொண்டு வா என்று பலகை காட்டினேன். என்ன ஏது என்று பார்க்காமல், அடுத்த சுற்றிலேயே உள்ளே வந்து நிறுத்தினாள். ஸ்பேனரை வைத்தேன். டக். அடுத்தது, டக். நான்கும் கல் மாதிரி இறுகிக் கிடந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் திரும்பப் போய் ஒன்பதாவதாக முடித்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

இறங்கி வந்து, நட்டு எவ்வளவு லூஸாக இருந்தது என்று கேட்டாள். இறுக்கமாகத்தான் இருந்தது, எனக்குத்தான் நினைவு தப்பிவிட்டது என்றேன். "நீங்க மறக்கற ஆள் இல்லீங்களே" என்று என்னையே பார்த்தாள். நான் தலை நிமிரவில்லை. அப்போது முதலாளி, தன் வாழ்நாளில் எந்த வேலைக்காரன் முன்னாலும் தப்பை ஒத்துக்கொள்ளாத அந்த மனுஷன், மகளைப் பார்த்து, "நாந்தான் சாமி இவனக் கூப்புட்டுப்போட்டேன்" என்றார். அவளும் அந்தப் பட்டறையில் வளர்ந்தவள், வேறு விளக்கம் தேவைப்படவில்லை. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பட்டம் அவ்வளவு பக்கத்தில் வரவே இல்லை. இரண்டு வருடம் ஓட்டிவிட்டு நிறுத்திக்கொண்டாள். இப்போது பட்டறையை அவள்தான் பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்துக் கடைசிப் பந்தயத்தை ஆபீஸ் ரூமில் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பின்னால் நின்று பார்த்தேன். அங்கேயும் யாரோ ஒருவன் சக்கரத்தின் முன் குந்தியிருந்தான். இத்தனை வருடம் கேட்காததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"அன்னிக்கு நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா பட்டம் உங்களுதுதானுங்க அம்மிணி. எம்மேல கோவம் இல்லீங்களா?"

"இருக்குதுங்கண்ணா" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்குச் சுருக்கென்றது. பிறகு, "உங்களுக்கு எப்பச் சந்தேகம் வந்துச்சு?" என்றாள்.

"வண்டி கெளம்புன ஒடனேங்க."

"பலகை எப்பக் காட்டுனீங்க?"

"மூணாஞ் சுத்து முடிஞ்சுங்க."

"அந்த மூணு சுத்துக்குத்தானுங்கண்ணா கோவம்."