மால்டாவில் பார்த்த இரண்டு கடிகாரங்கள்

அறுபதாம் ஆண்டு வாக்கில், சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஒரு சரக்குக் கப்பலில் சலவை வேலை பார்த்தேன். சூயஸ் கால்வாய் தாண்டி, மால்டா என்ற சின்னத் தீவு நாட்டில் கப்பல் நின்றது. பிள்ளைகளே, ஐரோப்பாவில் அப்பா முதலில் கால்வைத்த இடம் அதுதான். என்றைக்காவது நீங்களும் போனால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான்கு மணிக்குள் கப்பலுக்குத் திரும்பிவிட வேண்டும். படகில் இறங்கும்போது, என்னோடு வேலை பார்த்த சிராங்கூன் ரோட்டுக்காரர் மேலிருந்து கத்தினார்: "அண்ணே, நேரத்துக்கு வந்துடுங்க லா! கப்பல் என்ன மாமியார் வீடா, சோறு போட்டுக் காத்திருக்க?"

வாரக்கணக்கில் நீராவியில் நின்று படுக்கை விரிப்பு தேய்த்த உடம்பு. அசையாத தரையில் கொஞ்சம் உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. நம் ஊர்போல மதியமும் கடைகள் திறந்திருக்கும் என்று நினைத்தேன். அங்கே மதியம் எல்லாம் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். படிக்கட்டுத் தெருக்களில் ஏறி இறங்கியும் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. ஒரு மாதா கோயிலுக்கு எதிரே நிழலில் உட்கார்ந்தேன்.

கோயிலுக்கு இரண்டு கோபுரம், இரண்டு கடிகாரம். இடப்பக்கம் இரண்டேகால், வலப்பக்கம் மூன்று. எனக்கு ஆச்சரியமே இல்லை. எங்கள் கப்பலிலும் அப்படித்தான். இடப்பக்கம் நாம் இருக்கும் இடத்து நேரம், வலப்பக்கம் வேறு ஊர் நேரம். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் கடிகாரத்தைக் காட்டி என்னிடம் ஏதோ சொன்னார். புரியவில்லை. திருப்பிக் கேட்க வெட்கப்பட்டு, புரிந்ததுபோலத் தலையாட்டினேன். இரண்டேகால்தானே, இன்னும் நேரம் இருக்கிறது என்று சாய்ந்தேன். அப்படியே கண் அசந்துவிட்டது.

விழித்தபோது வெயில் காலில் சுட்டது. இடப்பக்கக் கடிகாரத்தில் அதே இரண்டேகால். எழுந்து போய்ப் பார்த்தால், அது சுவரில் வரைந்த படம்! வலப்பக்கம் நான்காகப் பத்து நிமிடம்.

ஓடினேன். என் காகிதங்களெல்லாம் கப்பலில். வீட்டில் உங்கள் அம்மா ஏழு மாதம். கப்பல் போய்விட்டால் நான் யாரிடம் போய் நிற்பேன்?

துறையில் எங்கள் படகு இல்லை. ரொட்டி தின்றுகொண்டிருந்த ஒரு படகுக்காரர் என் கை காட்டிய திசையைப் பார்த்தார். ரொட்டியை அப்படியே வைத்துவிட்டுத் துடுப்பை எடுத்தார். குடிக்கத் தன் புட்டியையும் தந்தார். அரைகுறை இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன். சிரிப்பில் அவருக்குத் துடுப்பே நின்றுவிட்டது.

"அது சைத்தானுக்கு வரைஞ்சது! பூசை நேரம் அவனுக்குத் தெரியக்கூடாதுன்னு. நீ எதுக்கப்பா அதப் பார்த்தே? யாரையாவது கேக்கக்கூடாதா?"

கப்பலை எட்டியபோது ஏணியைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். "நிறுத்துங்க, எங்க அண்ணன் வர்றாரு!" என்று சிராங்கூன் ரோட்டுக்காரர் தொண்டை கிழியக் கத்தியதால் தப்பித்தேன்.

இன்றைக்கும் நம் ரோட்டில், ஊருக்குப் புதியவர் யாராவது நான் சொன்ன வழிக்குச் சட்டென்று தலையாட்டினால், நான் அப்படியே விட்டுவிடுவதில்லை. புரிந்ததா என்று இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.