சந்துக்கெல்லாம் ஒரே நம்பர்

நோன்புக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. எங்கள் அடுப்பு நீலத்தை விட்டு மஞ்சளாக எரிய ஆரம்பித்திருந்தது. உம்மா சிலிண்டரை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோன்புக் கஞ்சி காய்ச்ச வேண்டும், விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்குச் சோறு ஆக்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே சிலிண்டர்.

புதிய சிலிண்டர் வந்துவிட்டது. தாராவியில் எங்கள் சந்து முனை வரைக்கும் வந்து நின்றது. கொண்டுவந்தவன்தான் தர மாட்டேன் என்றான். அவன் கோவண்டியில் வளர்ந்த தமிழன். எப்போதும் ஓடிக்கொண்டே பேசுவான்.

"கோட் சொல்லு பாய். ரிஜிஸ்டர் நம்பருக்கு வந்திருக்கும்."

"வரலயே."

"அப்ப சிலிண்டரும் வரல."

"இந்தா கண்ணு முன்னால நிக்கே, அது என்ன பெறவு, ஆட்டுக்குட்டியா?"

அவன் சிரிக்கவில்லை. கோட் இல்லாவிட்டாலும் போன மாதம் வரை கொடுத்துக்கொண்டிருந்தவன்தான்; இப்போது அப்படிக் கொடுத்தால் அவன் சம்பளத்தில் கை வைப்பார்களாம். அது உண்மையாகவும் இருக்கலாம், பிளாக்கில் விற்பதற்குப் போடும் சாக்காகவும் இருக்கலாம். நான் ஒன்பதாவதோடு நின்றவன். படிப்பை விட்டேனே தவிர, சந்தேகப்படுவதை விடவில்லை.

ரிஜிஸ்டர் செய்த நம்பர், எனக்குச் சித்தப்பா முறையான சாச்சாவுடையது. எங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, சந்தில் பாதி வீட்டுக்கு அதுதான் நம்பர். கேஸ், ரேஷன், பள்ளிக்கூடம் என்று எல்லா இடத்திலும் போன் நம்பர் கேட்க ஆரம்பித்த காலத்தில், எங்கள் சந்தில் போன் வைத்திருந்தது பெல்ட் தைக்கும் பட்டறை நடத்திய சாச்சா ஒருவர்தான். எல்லாரும் அவர் நம்பரையே எழுதிக் கொடுத்தார்கள். மெசேஜ் வந்தால் சாச்சா தையல் மிஷினை நிறுத்துவார், தலையை வெளியே நீட்டுவார், யாருக்கு வந்த கோடோ அவர்கள் வீட்டைப் பார்த்துக் கூப்பாடு போடுவார். காது மந்தமான வீடு என்றால் இரண்டு தடவை. யாரிடமும் சொல்லாதே என்று கம்பெனி எழுதி அனுப்பியதைச் சந்து முழுக்கக் கேட்கும். ஒரு பொருள்கூடத் திருடு போனதில்லை.

பட்டறைக்கு ஓடினேன்.

"சாச்சா, கேஸ் கோட் வந்துச்சா?"

"எந்த நம்பருக்கு? அந்தப் பழசுக்கா? அதுல இப்பம் ஒண்ணும் வரலல. போன மழைக்கே நின்னு போச்சு."

"நின்னு போச்சா? ரீசார்ஜ் போடலயா?"

"எதுக்குப் போடணும்? ஒரு தடவ காசக் கட்டுனா ஆயுசுக்கும் கால் வரும்னுதானல சொல்லிக் குடுத்தான்?"

"யாரு ஆயுசுக்குன்னு கேட்டீங்களா? அந்தத் திட்டத்தோட ஆயுசச் சொல்லிருப்பான்."

"வாய மூடுல. படிச்சவன் மாதிரிப் பேசாத."

பின்னாலேயே வந்து கேட்டுக்கொண்டிருந்த உம்மா என்னைத் தனியே இழுத்தாள். "ஏலே, ஒங்க சாச்சா அந்த நம்பர யாருக்கும் வித்துட்டாவளோ?"

விற்றது சாச்சா இல்லை, போன் கம்பெனி. கஸ்டமர் கேரில் ஒன்றை அழுத்தி, மூன்றை அழுத்தி, கடைசியில் ஒரு மனிதக் குரலைப் பிடித்தேன். மாதாமாதம் ரீசார்ஜ் செய்யாததால் நம்பரை நிறுத்தி, வேறு வாடிக்கையாளருக்குக் கொடுத்துவிட்டார்களாம். யாருக்கு என்று கேட்டேன். அது அவருடைய தனியுரிமை, சொல்ல முடியாது என்றார்கள். எங்கள் சந்தின் ரகசியமெல்லாம் அந்த ஆள் கையில். அந்த ஆளின் பெயர் மட்டும் எங்களுக்கு ரகசியம்.

எவனோ திருடன் கோட்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு எங்கள் பெயரில் வியாபாரமே நடத்துகிறான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. அந்த நம்பருக்கே அடித்தேன். எடுத்தது ஒரு பெண், வயதான குரல், சுத்தமான இந்தி. நானும் இந்தியில் கோட் கேட்டேன். போலீஸுக்குப் போவேன் என்றார். போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு உம்மாவிடம் சொன்னேன்: "கெழவி சரியான ஆளா இருக்கும்மா. மசிய மாட்டேங்கா."

"யாருடா கெழவி?" என்றது போன்.

போனைத் திரும்பக் காதில் வைத்தேன்.

"தமிழா மாமி நீங்க?"

"மாட்டுங்காலதான் பொறந்தேன். பேங்க்ல வேல பாத்து ரிட்டயர் ஆனவ நான். என்கிட்டயே ஓடிபி கேக்கறயா? யாரு உன்னை அனுப்பினா?"

"எங்கம்மா."

"கேலி வேற. இந்த நம்பர் வாங்கினதுலேர்ந்து யார் யாரோ கேஸ் புக் பண்றா. எந்தப் பையனுக்கோ ஸ்கூல்ல லீவுங்கறா. என் பேர்ல எவனோ ஏதோ பண்றான்னு எனக்குத் தூக்கமே போயிடுத்து. கம்பெனில சொன்னா, நம்பர் உங்களோடதுதானே மேடம், அனுபவிங்கோங்கறான்."

சாச்சா கதையைச் சொன்னேன். பட்டறை, தலை நீட்டுவது, கூப்பாடு, காது மந்தமான வீடு, எல்லாம்.

"ஓடிபியக் கத்துவாரா?"

"கத்துவாரு மாமி."

"தெருவுல?"

"பின்ன? ஒவ்வொரு வீடா ஏறி எறங்கவா முடியும்?"

"கடவுளே. பொய் சொல்றவன் இதைவிட நல்லதாவே சொல்லியிருப்பான்," என்றார். ஆனால் கோட் மட்டும் சொல்லவில்லை. போனில் யாருக்கும் சொல்ல மாட்டாராம், சொந்தப் பிள்ளைக்கே சொன்னதில்லையாம். இதற்குள் சிலிண்டர்காரன் சிலிண்டரை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலம் அடுப்பு அணைந்தது. உம்மா பக்கத்து வீட்டு அடுப்பில் சோறு ஆக்கினாள்.

மறுநாள் சயான் பக்கம் இருக்கும் கேஸ் ஏஜென்சிக்கு உம்மாவும் நானும் போனோம். நம்பரை மாற்றித் தாருங்கள் என்றோம். கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தவில்லை. மாற்றலாம், பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும், அதைச் சொல்லுங்கள் என்றாள்.

"பழைய நம்பரு இல்லன்னுதானே மாத்த வந்தோம்?"

"சிஸ்டம் அப்படித்தான் கேக்குது."

அந்த சிஸ்டத்தைச் செய்தவனை நோன்பு முழுக்கப் பக்கத்து வீட்டு அடுப்பில் சமைக்கவிட வேண்டும். வேறு வழியில்லாமல் மாட்டுங்காவுக்கே திரும்ப அடித்தேன். வீட்டுக்கு வருகிறோம் என்றால், முகவரி தர மாட்டேன் என்றார் மாமி. தானே ஏஜென்சிக்கு வருவதாகச் சொன்னார். பெரிய மனசு என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, காவலாளி நிற்கும் இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

ஆட்டோவில் வந்து இறங்கினார். பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். முதல் வேலையாக உம்மாவின் ஆதாரையும் கேஸ் புத்தகத்தையும் வாங்கிக் கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். பார்த்து முடித்ததும் உம்மா கையை நீட்டினாள்.

"ஒங்களுதயும் காட்டுங்க."

"என்னோடதா? எதுக்கு?"

"நீங்கதான் அந்த நம்பருக்காரின்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மாமி எடுத்துக் கொடுத்தார். உம்மா படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "இது நீங்க மாதிரியே இல்லயே."

"யாருக்குத்தான் இருக்கு? உன்னோடது மட்டும் என்ன, உன் மாமியார் மாதிரி இருக்கு."

உம்மா சிரித்துவிட்டாள். என் பாட்டியை மாமி பார்த்ததே இல்லை, ஆனால் அது அப்படியேதான் இருந்தது. மாமி போனைக் கையால் மறைத்துக்கொண்டு, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, உம்மா காதில் மட்டும் கோடைச் சொன்னார். நம்பர் உம்மாவின் போனுக்கு மாறியது. சந்தில் மற்றவர்களையும் ஒவ்வொருவராக இங்கேயே வரச் சொல் என்றார். கிளம்பும்போது உம்மாவிடம் ஒன்று சொன்னார்:

"சிலிண்டர வாங்கறச்சே எடை போட்டுக் காட்டச் சொல்லு. தராசு கொண்டுவர வேண்டியது அவன் பொறுப்பு, கேக்கறது உன் உரிமை. கோடச் சொல்றதுக்கு முன்னாடி கேளு. சொல்லிட்டா நிக்க மாட்டான்."

நோன்புக்கு முந்தின நாள் சிலிண்டர் வந்தது. கோவண்டிக்காரன் இறக்கி வைத்துவிட்டு, உம்மாவை இந்தியில் சின்னம்மா முறை வைத்துக் கூப்பிட்டுக் கையை நீட்டினான்.

"கோட் சொல்லு காலா."

உம்மா போனை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "மொதல்ல எட போடு."

"தராசு இல்ல காலா."

"அப்ப கோடும் இல்ல."

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். இரண்டு பேரும் அசையாமல் நிற்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்க்க வெளியே வர, கடைசியில் வண்டி சீட்டுக்கு அடியிலிருந்தே ஒரு தொங்கு தராசை எடுத்துவந்தான். இல்லாத தராசு அவ்வளவு சீக்கிரம் வந்தது. சிலிண்டரை மாட்டித் தூக்கினான். மேலே எழுதியிருந்த எடை சரியாக இருந்தது.

உம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "இந்தத் தராசு சரின்னு யாரு சொன்னா? ஏலே, ரேசன் அரிசி வாங்குனதப் பிரிக்காம வச்சிருக்கேன், கொண்டா."

ஐந்து கிலோ என்று வாங்கிய பையை மாட்டினோம். முள் ஐந்தைத் தொடவில்லை.

"பாத்தியா, தராசு கோளாறு," என்றேன் நான். கோவண்டிக்காரன் தலையில் கை வைத்தான்.

உம்மா யோசித்தாள். "தராசு கம்மியாக் காட்டுதுன்னா, சிலிண்டர்ல கேஸு கூடுதலா இருக்கணும். கம்பெனிக்காரன் கூடுதலா குடுப்பானால?"

"மாட்டான்."

"அப்பம் தராசு சரி. அரிசிதான் கொறவு."

போனை எடுத்து அவன் காதருகில் குனிந்து கோடைச் சொன்னாள். சிலிண்டரை உள்ளே உருட்டி மாட்டி, அடுப்பு நீலமாக எரிவதைப் பார்த்தாள், அணைத்தாள். பிறகு அரிசிப் பையை இடுப்பில் தூக்கிக்கொண்டு செருப்பைத் தேடினாள்.

"தம்பி, அந்தத் தராச எடுத்துக்கிட்டு ரேசன் கட வரைக்கும் ஒரு எட்டு வா."