முதல் அடி இல்லாத பாட்டு

மனிதக் குரல்களில் எனக்கு முதலில் போனது என் மனைவியின் குரல். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். இதை எழுதும்போதும் அடுப்படியில் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருப்பாள். ஆனால் அவளுடையது கீச்சென்ற மெல்லிய குரல். அந்த மாதிரிச் சத்தங்களைத்தான் என் காது முதலில் கைகழுவியது. குக்கர் விசில் போனது, செல்போன் மணி போனது, அப்புறம் அவள் போனாள். வாய் அசைவது தெரியும். கோபமாக அசைகிறதா, சோறு வேண்டுமா என்று அசைகிறதா என்பதை மூஞ்சியைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். பெரும்பாலும் கோபம்தான் என்று வைத்துக்கொண்டால் தப்பாது.

சுருளிப்பட்டியில் மைக்செட் வைத்திருந்தேன். கல்யாணம், சடங்கு, கோயில் பொங்கல், சாவு என்று எதுவானாலும் ஸ்பீக்கர் பாக்ஸுக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் நின்றே வளர்ந்தவன். காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்ளும் மைக்செட்காரனை இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்திருக்க முடியாது. வைத்தால் மற்ற மைக்செட்காரன் சிரிப்பான். காது போகிறது என்பதும் எனக்கு உடனே தெரியவில்லை. பாட்டுகள் மங்கலாக இருக்கின்றன, பாக்ஸ் பழசாகிவிட்டது என்றே நினைத்தேன். கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற ட்ரெபிள் குமிழை ஒவ்வொரு வேலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பந்தியில் சாப்பிடுகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு வந்து, "ஏப்பா, காதைக் கிழிக்கிது, கொறச்சு வையி" என்பார்கள். இவர்களுக்கு நல்ல சத்தம் எதுவென்று தெரியவில்லை என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தக் காலத்தில்தான் குமுளியில் ஒரு கடைக்குப் போனேன். வெள்ளைக்காரர்களுக்குச் சட்டையும் ஏலக்காயும் விற்கிற கடை. முதலாளி மலையாளி, என் வயதுக்காரர். அவர் கடையின் பெரிய பாக்ஸ் கிழிந்துபோயிருந்தது. உள்ளே இருக்கும் காகிதக் கோனை மாற்றி, திருகாணிகளை முடுக்கிவிட்டு, "ஒரு பாட்டுப் போடுங்க சேட்டா, பாப்போம்" என்றேன். அவர் போட்டார்.

என் நெஞ்சில் யாரோ உள்ளங்கையை வைத்து மெல்லத் தள்ளியது போல இருந்தது. நம் பாட்டுகளில் அடிச்சத்தம், பேஸ் என்பார்களே அது, பாடகனின் பின்னால் குடை பிடித்துக்கொண்டு போகும். இதில் அதுதான் முன்னால் நடந்தது. பாட்டே அதுதான். மேலே யாரோ ஒருவன் பாடினான், அது எனக்குப் பாதிதான் கேட்டது, கேட்காததால் குறையொன்றும் இல்லை. பல காலத்துக்குப் பிறகு ஒரு பாட்டை முழுசாகக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. கீழே கிடந்த திருகாணியைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன்.

"அண்ணா, இஷ்டப்பட்டோ?" என்றார் முதலாளி.

"என்ன பாட்டு சேட்டா இது?"

ஜமைக்கா என்று ஒரு தீவு என்றார். கரும்பும் வாழையும் வெயிலும் உள்ள ஊர். முதலில் வந்தது ஸ்கா, ஓட்டமும் ஊதலுமாக இருக்கும். அப்புறம் வேகம் குறைந்து ராக்ஸ்டெடி ஆனது. இன்னும் குறைந்து ரெகே. அங்கேயும் மைக்செட்காரர்கள் உண்டு, தெருவில் பாக்ஸை ஆளுயரத்துக்கு அடுக்கி எவன் செட்டு பெரிசு என்று போட்டி போடுவார்களாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் கோயில் பொங்கலுக்கு இரண்டு செட்டு வந்தால் நடக்கிற அதே சண்டை. கடலுக்கு அந்தப் பக்கமும் நம்மைப் போலவே கிறுக்குப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது ஆறுதலாக இருந்தது. ஒரு பென்டிரைவ் நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுத்தார்.

குமுளி மலையிலிருந்து குட்டியானை லோடு வண்டியில் இறங்கும்போது முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். ஸ்காவில் ஊதுகிற கருவிகள் எனக்கு எட்டவில்லை. யாரோ அடுத்த தெருவில் ஓடுகிற மாதிரி இருந்தது. ராக்ஸ்டெடி நின்று பேசியது. ரெகே வண்டியின் இருக்கையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஊதலில் தொடங்கி அடியில் வந்து சேர்ந்த இசை அது. என் காதும் அதே வழியில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. இதை அப்போதே புரிந்துகொண்டேன், யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போனாலும் ஆட்கள் வருமுன்னே அதைத்தான் போடுவேன். கேட்டால் டெஸ்டிங் என்பேன். காலி நாற்காலிகளுக்கு நடுவில் அந்த அடிச்சத்தம் போய் மோதித் திரும்பும். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் கத்தியும் கையுமாக வந்து, "அண்ணே, இந்தப் பாட்டுக்கு வெங்காயம் நல்லா வெட்ட வருது, நிப்பாட்டிராதீக" என்றார். கம்பத்தில் என் மச்சினன் மட்டும், "மாமா, இது கஞ்சாக்காரன் பாட்டாச்சே, நம்ம ஊருக்கு அதுல இருக்க பேரு பத்தாதா?" என்று கிண்டலடித்தான். ஒரு பீடி கூடக் குடிக்காதவன் நான். எரிந்து விழுந்தேன். அவன் இன்னும் சிரித்தான்.

மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. என் முகத்துக்கு நேரே வந்து சத்தமாகச் சொன்னாள்: "என்னாங்க பாட்டு இது? கொட்டுக்காரன் மொத அடிய மறந்துட்டானா?"

உண்மையில் அவள் சொன்னது சரி. ரெகேயில் முதல் அடி காலியாக இருக்கும். அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் விட்டுவிட்டு, அடுத்து வந்து விழுவார்கள். அந்தக் காலி இடத்தில்தான் உடம்பு ஆடும். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, முதல் அடியை விட்டுவிட்டு அதில் தட்டிக் காட்டினேன். "ஆமா, எனக்கு இப்ப இதுதான் கொறச்சல்" என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டாள்.

அப்புறம் கோம்பையில் அந்தச் சாவு. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர், வயதானவர். ஒப்பாரி பாட ஒரு அம்மாவை அழைத்திருந்தார்கள். நல்ல கனத்த குரல், எனக்கே கேட்டது. அவர் அழுதுகொண்டே மைக்கோடு நகர்ந்து நகர்ந்து பாக்ஸுக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். மைக் பாக்ஸுக்குப் பக்கத்தில் வந்தால் ஊளையிடும். அந்த ஊளை ஊசி மாதிரி மேலே ஏறும். அதைக் கேட்ட மறுநொடி குமிழைத் திருப்புவது எங்கள் தொழிலில் பாலபாடம். நான் கேட்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, துக்கத்துக்கு ஏற்றபடி தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பெண்கள் காதைப் பொத்தினார்கள். கைப்பிள்ளை ஒன்று வீறிட்டது, அதுவும் வாயாகத்தான் தெரிந்தது. ஒப்பாரி தாங்க முடியாமல் அழுகிறார்கள் என்று நினைத்தேன். பெரியவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்திருக்க வேண்டும் என்று கூட நினைத்தேன்.

பெரியவரின் மகன் வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "ஏய்யா, இப்படிக் கத்துது, ஒனக்கென்ன காது செவிடா?"

எல்லோரும் எல்லோரையும் கேட்கிற கேள்விதான். பதில் எதிர்பார்த்துக் கேட்பதில்லை. நான் "ஆமா" என்றேன்.

அவர் கை தளர்ந்தது. பிணத்தைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் பிணத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. யாரும் தப்பாக ஒன்றும் பார்க்கவில்லை, பாவம் என்றுதான் பார்த்தார்கள். அதுதான் பொறுக்கவில்லை.

செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. மனைவி திட்டவில்லை. மறுநாளே தேனிக்குக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். கதவு அடைத்த சின்ன அறையில் உட்காரவைத்து, காதில் ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கொஞ்ச நேரம் அழுத்தினேன். அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மனைவியின் முகத்தைப் பார்த்தே, இப்போது சத்தம் வருகிறது, நான் அழுத்தவில்லை என்று தெரிந்துகொண்டேன். பரிசோதித்த பெண் நிதானமாக, என் கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "கீச்சுன்னு வர்ற மேல் சத்தம் திரும்பி வராதுங்க ஐயா. கனமா வர்ற கீழ்ச் சத்தம்தான் மிச்சம் இருக்கு. அது போகாம இருக்கணும்னா இனி பாக்ஸ் பக்கத்துல நிக்கவே கூடாது. வீட்டுலயும் சத்தமா வைக்கக் கூடாது."

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கேட்டுக் கேட்டே அதைத் தீர்த்துவிடுவேன் என்கிறார்கள்.

காதுக்கு ஒரு கருவி மாட்டினார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் சின்னமனூர் வருவதற்குள் தகரக் கொட்டகைக்குள் என்னைப் போட்டு உருட்டியது போல ஆகிவிட்டது. மனைவி ஏதோ சொன்னாள். கேட்டது. சொல் எல்லாம் புரிந்தது. ஆனால் அது அவள் குரல் இல்லை. கழற்றிப் பையில் போட்டுவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். லேசாக அவள் தோள் குலுங்கியது, நான் தெரியாதது போல உட்கார்ந்திருந்தேன்.

மைக்செட் வேலையை விட்டேன். விட்டேன் என்பது மரியாதைக்குச் சொல்வது, கோம்பைக்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. ஒரு பாக்ஸை மட்டும் வீட்டை ஒட்டிய கொட்டகையில் வைத்துக்கொண்டேன். தினம் சாயங்காலம் ஒரே ஒரு பாட்டு, குறைந்த சத்தத்தில். கஞ்சனைப் போலக் கேட்டேன். முதுகைப் பாக்ஸில் சாய்த்து உட்கார்ந்தால் முழுசாக வரும். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் பகலைத் தள்ளினேன் என்று சொன்னால் மிகையில்லை. மனைவி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டு, வேண்டா வெறுப்பாக உட்கார்ந்திருப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் பாட்டைப் போட்டேன். விளக்கு எரிந்தது. பாட்டு வரவில்லை. ஈரத்தில் பாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டி, முதுகைச் சாய்க்காமலே எழுந்தேன். ஒயரைப் பார்த்தேன், சரியாக இருந்தது. திருகாணிகளைக் கழற்றிக் கோனை எடுத்துப் பார்த்தேன். தேனிக்கு ஆள் சொல்லிப் புதுக் கோன் வரவழைத்து மாட்டினேன். மீண்டும் போட்டேன். இல்லை. வாழ்நாளெல்லாம் செய்த வேலை, எங்கே கோளாறு என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபத்தில் பாக்ஸை ஒரு உதை உதைத்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டேன்.

"இங்கன வா. இது அடிக்குதா பாரு."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கோனில் விரலை வைத்தாள். அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கையை எடுத்து அங்கே வைத்தாள்.

கோன் அதிர்ந்துகொண்டிருந்தது. நல்ல பாக்ஸ். ஒரு கோளாறும் இல்லாத பாக்ஸை நான் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் போட்டு அழுதிருப்பேன் போல, தொண்டை வலித்தது. அவள் பின்னால் வந்து நின்று என் தோளில் தட்ட ஆரம்பித்தாள். சமாதானப்படுத்துகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது. முதல் அடியை விட்டுவிட்டுத் தட்டினாள். கொட்டுக்காரன் மறந்துபோன அந்த இடத்தை ஒரு தடவை கூடத் தப்பாமல் காலியாக விட்டாள். இத்தனை நாளும் கீரை உருவிக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பாட்டு முடியும்வரை தட்டினாள். முடிந்துவிட்டது என்பது அவள் கை நின்றபோதுதான் எனக்குத் தெரிந்தது.