மோட்டார் இருக்கும் இடம்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் கம்பெனிக்கு ஒரு லேப்டாப் வந்தது. ஓசூரில் பெரிய வண்டிக் கம்பெனிகளுக்கு புஷ், பின் மாதிரிச் சின்ன உதிரி பாகங்கள் கடைந்து கொடுக்கிற சின்னப் பட்டறை அது. கம்பெனி என்று சொல்லிக்கொள்வது எங்கள் பெருமைக்கு. லேப்டாப்பும் புதிதில்லை, முதலாளியின் மைத்துனர் வைத்திருந்தது. நல்ல கனம். அதைத் தூக்கிக்கொண்டு பாகலூர் பஸ்ஸில் ஏறினால், என்னம்மா தையல் மிஷினா என்று கண்டக்டர் கேட்பார்.

அந்தப் பட்டறையில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான். வருடக்கணக்கில் டெம்பரவரி. எந்த மிஷினில் எந்த வேலை ஓடுகிறது, என்றைக்குச் சரக்கு போகும் என்று ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி ஒரு கணக்கை அந்த லேப்டாப்பில் போட்டு வைத்திருந்தேன். முதலாளிக்கு அதில் ஏகப் பெருமை. எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூர் ரோட்டில் இருந்த ஒரு பெரிய கம்பெனிக்கு அதைக் காட்டி ஆர்டர் பிடிக்க நினைத்தார். ஆர்டர் வந்தால் என்னை நிரந்தரமாக்குவதாகச் சொன்னார். ராத்திரி பகல் அதே நினைப்பாக இருந்தேன். வீட்டிலும் உட்கார்ந்து வேலை பார்க்க லேப்டாப்பைக் கொண்டுபோக அனுமதி கிடைத்தது.

என் வீட்டுக்காரர் வேறொரு கம்பெனியில் கிரைண்டிங் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசமாட்டார். நான் வேலை பார்க்கும்போது பக்கத்தில் வந்து நின்று பார்ப்பார், ஒன்றும் கேட்கமாட்டார். ஆனால் அவர் ஷிஃப்ட் ஆட்களெல்லாம் வழியில் பார்த்தால் என்னிடம் லேப்டாப்பை நலம் விசாரிப்பார்கள். வாய் திறக்காத மனுஷன் அங்கே எவ்வளவு பீற்றியிருப்பார் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த வருடம் ஆயுதபூஜைக்கு வீட்டில் எல்லாவற்றையும் அவர் வரிசையாக வைத்தார். அவருடைய ஸ்பேனர்கள், வண்டி, என் அரிவாள்மணை, நடுநாயகமாக லேப்டாப். சந்தனப் பொட்டைத் திரையிலும் எழுத்துப் பொத்தானிலும் படாமல் வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் பொரி கலக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவர் லேப்டாப்பைப் போடச் சொன்னார். போட்டேன். அதன் பக்கவாட்டில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே சின்ன ஃபேன் ஓடுகிற சத்தம் வந்தது.

“இங்கதான் மோட்டார் இருக்குது. மோட்டார் இருக்கிற எடத்துலதான் வெக்கணும்” என்றார்.

பட்டறையில் அப்படித்தான் வழக்கம். லேத்தானாலும் கிரைண்டரானாலும் மோட்டார் இருக்கிற தலைப்பக்கம் பார்த்துத்தான் சந்தனம் அப்புவார்கள். வழவழப்பான மூடியில் சந்தனம் நிற்காது, ஃபேன் சத்தம் வந்த பக்கத்துச் சல்லடை ஓட்டைகளில் நன்றாகப் பிடித்தது. தாராளமாக வைத்து நடுவில் குங்குமமும் இட்டார். எனக்கும் பார்க்க நிறைவாக இருந்தது. வைத்த பொட்டை அழிக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வது. ஓசூர் பஸ்களில் தீபாவளி தாண்டியும் அந்தச் சந்தனம் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் அதைக் கவனித்துப் பார்ப்பதுகூட இல்லை.

அதற்குப் பிறகுதான் லேப்டாப் படுத்த ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் ஓடும், அடிப்பாகம் தோசைக்கல் மாதிரி சுடும், பட்டென்று அணைந்துவிடும். ஆறினால் திரும்ப வரும். ஆபீஸில் ஒருத்தர் கரண்ட் சரியில்லை என்றார், இன்னொருத்தர் வைரஸ் என்றார். எனக்குச் சூட்டு உடம்பாம், அதுதான் மிஷினுக்கும் ஒட்டிக்கொண்டதாம், மோர் குடிக்கச் சொன்னார்கள். நான் அதைக் கவிழ்த்த தட்டின் மேல் வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டுப் பார்த்தேன். வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து விசிறிமட்டையால் வீசிக்கூடப் பார்த்தார். பொட்டு இருந்த பக்கமாகத்தான் வீசினார்.

பெரிய கம்பெனியில் காட்டுகிற நாள் வந்தது. அந்த ஆபீஸின் ஏசியில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பாதி சொல்லும்போதே திரை இருண்டது. சமாளித்து மறுபடி போட்டேன், மறுபடி இருண்டது. அதற்கப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. அவர்கள் டீ குடிக்கச் சொன்னார்கள். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. திரும்பும்போது அத்திப்பள்ளி தாண்டும்வரை முதலாளி கார்க் கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டே வந்தார். பிறகு, “பிள்ளையார் புடிக்கப் போயி கொரங்கா முடிஞ்சிதும்மா” என்றார். ஆர்டரும் வரவில்லை, நிரந்தரமும் வரவில்லை.

ரிப்பேருக்கு நானே பெங்களூர் கொண்டுபோவதாகக் கேட்டு வாங்கினேன். வீட்டுக்காரர் லீவு போட்டு வண்டியில் கூட்டிப்போனார். மிஷினுக்கு என்ன கேடு என்று தெரிந்துகொள்ள அவருக்கும் ஆசை. கடைக்காரர் அதைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தை ஊசியால் குத்திக் குத்தி எடுத்து ஒரு காகிதத்தில் தட்டினார். இது மூச்சு விடுகிற இடம், இதை யார் அடைத்தது என்று கன்னடத்தில் கேட்டார். எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. வீட்டுக்காரருக்கு முழுசாகப் புரிந்தது.

“நான்தான்” என்றார் அவர், கன்னடத்திலேயே.

வரும் வழியில் அத்திப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்தினார். டம்ளரைப் பார்த்தபடியே, “நல்லதுன்னு நெனச்சிதாம்மா வெச்சேன்” என்றார். அது எனக்குத் தெரியாதா? அதற்கு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையைத் தொட்டிருந்தாலாவது போதும். எனக்கு அன்று கைவிட்டுப் போன நிரந்தரம்தான் பெரிதாக இருந்தது. டீ ஆறிப்போச்சு, கிளம்பலாம் என்றேன்.

கொஞ்ச காலம் கழித்து அந்த வேலையை விட்டு, வீட்டிலேயே ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு டைப்பிங் வேலை எடுத்தேன். அடுத்த ஆயுதபூஜைக்கு அவர் ஸ்பேனரிலிருந்து அரிவாள்மணை வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கம்ப்யூட்டர் முன்னால் வந்ததும் கை நின்றது. அதற்குப் பின்னால் இருந்த சுவரில், பிளக் பாயிண்டுக்கு மேலே, சின்னதாக ஒன்று வைத்துவிட்டு நகர்ந்தார். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். கிண்ணத்தை வாங்கி நானே அதன் தலையில் ஒரு பொட்டு வைத்து, இங்கே வைக்கலாம், ஒன்றும் ஆகாது என்று காட்டியிருந்தால் தீர்ந்திருக்கும். பூஜையன்று எனக்கு எப்போதும் அடுப்படியில் வேலை இருந்தது.

அந்த வீட்டைக் காலி செய்த அன்று சாமான்களை ஏற்றிய பிறகு அவரைக் காணவில்லை என்று உள்ளே போனேன். பிளக் பாயிண்டுக்கு மேலே வருடத்துக்கு ஒன்றாகக் காய்ந்திருந்த பொட்டுகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வைத்ததை அழிக்கக் கூடாது என்கிற மனுஷன், ஒன்று விடாமல் துடைத்தார். நான் வாசலில் நின்று, லாரிக்காரர் காத்திருக்கிறார் என்று மட்டும் சொன்னேன்.