பிலோமினா அக்கா மூடி வைத்த கோப்பு

பிலோமினா அக்கா இறந்த செய்தி, அரியாங்குப்பம் பாலத்தில் பேருந்து ஊர்ந்துகொண்டிருந்தபோது வந்தது. அவருடைய தங்கை ஸ்டெல்லா, "அக்கா தூக்கத்துலயே போயிடுச்சு" என்று இரண்டு முறை சொன்னார். நான் முதலில் கேட்டதை நினைத்தால் இன்றும் கூசுகிறது: "லேப்டாப் எங்க இருக்கு?"

அக்காவோடு வேலை செய்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். வீட்டில் அடிவாங்கி ஓடிவரும் பெண்களுக்காக நாங்கள் இருவரும் ஓர் அலுவலகம் நடத்தினோம். அவர்களின் வாக்குமூலம், காயங்களின் படங்கள், ஒளிந்திருக்கும் முகவரிகள் எல்லாம் ஒரே கோப்பில் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. கடவுச்சொல் அக்காவுக்கு மட்டுமே தெரியும். அதை எழுதி ஒட்டிய உறை ஒன்று ஸ்டெல்லாவிடம் இருந்தது, அக்கா இறந்தபின் நான் வாங்கிக்கொள்ள.

அதைத் தட்டும்போது அக்கா என்னைக்கூடத் திரும்பி நிற்கச் சொல்வார். ஒருநாள் கோபித்துக்கொண்டேன். "உன்ன நம்பாம இல்லம்மா. யாராவது உன்னை அடிச்சுக் கேட்டா, சொல்றதுக்கு உங்கிட்ட ஒண்ணும் இருக்கக்கூடாது" என்றார்.

புதுக் கணினி வந்தபோது கைரேகையைப் பதிவு செய்யலாமே என்றேன். மறுத்துவிட்டார். "நான் தூங்குறப்ப என் விரலை எவனாவது எடுத்து வச்சா தொறந்துக்கும். வார்த்தைன்னா நானா சொன்னாத்தான் உண்டு."

எங்களிடம் ஓடிவந்து ஒளிந்திருந்த கலாவின் கணவன் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்து மதியம் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தான். கத்தவில்லை. அக்காவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். "டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க" என்று மட்டும் அக்கா சொன்னார்.

அடக்கத்தன்று, மூலக்குளத்தில் அவர் வீட்டு வாசலில் பாதிரியார் வந்து இறங்க, எல்லோரும் வெளியே போனோம். ஜெபமாலையை எடுக்க நான் மட்டும் உள்ளே திரும்பினேன். ஐஸ் பெட்டியின் மூடி பாதி திறந்திருந்தது. பக்கத்தில் கலாவின் கணவன். ஒரு கையில் அக்காவின் லேப்டாப். மறு கையால் அக்காவின் கட்டைவிரலைப் பிடித்து அதில் அழுத்திக்கொண்டிருந்தான்.

திரை கடவுச்சொல்லைக் கேட்டபடியே இருந்தது. அவன் பதறவில்லை. அந்தக் கையை மெதுவாக நெஞ்சின் மேல் வைத்து, மூடியைச் சாத்தி, லேப்டாப்பை அதன் மேல் வைத்தான்.

"உங்கக்கா இப்பவும் வாயத் தொறக்க மாட்றாங்க" என்று சொல்லி, கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தோடு கலந்து போனான். லேப்டாப்பில் குளிர்ந்த நீர் ஒட்டியிருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்தேன்.

அடக்கம் முடிந்து அன்றைக்கே உறையைப் பிரித்தேன். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏழு சொற்கள், அக்காவின் குண்டு எழுத்தில். கோப்பு திறந்தது. கலாவை அழைத்தேன். எடுத்தவள் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

"கலா, நான் பிலோமினா அக்காகூட வேலை பாக்குறவ. அக்கா தவறிட்டாங்க."

கலா கேட்டாள்: "அவரு அங்க வந்தாரா?"

"வந்தாரு. ஒண்ணும் கிடைக்கல."

"நான் இருக்குற எடம் இப்ப யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்."

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். இரண்டே நாளில் கலாவை வேறு ஊருக்கு மாற்றினோம். கடவுச்சொல்லையும் மாற்றி, என் உறையை ஸ்டெல்லாவிடம் கொடுத்திருக்கிறேன்.

அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தவை அந்த முகவரிகள். கடைத்தெருவில் முன்பின் தெரியாதவர் யாராவது நெருங்கி நின்றால் என் உதடுகள் தாமாக இறுகிவிடுகின்றன. அக்காவின் வாயோரத்தில் எப்போதும் இருந்த அந்த இறுக்கத்தை இத்தனை வருடமும் கோபம் என்றே நினைத்திருந்தேன்.